“ஒரு கண் வேண்டும்!” – பரிசு கேட்ட ஊசி வைத்தியர்

“உமக்கு என்ன வேண்டும்? கேளும், தருகிறேன்!”

ஜப்பான் நாட்டையே ஆட்டிப்படைத்த அதிபதி இப்படிக் கேட்டார். எதிரே மண்டியிட்டு இருந்தவர் எண்பது வயதைத் தாண்டிய கிழவர். பொன் கேட்டிருக்கலாம். மாளிகை கேட்டிருக்கலாம். கிழவர் கேட்டது என்ன தெரியுமா?

“ஒரே ஒரு கண்!”

ஆம், அவருக்கு இரண்டு கண்களும் தெரியாது. அவர் பெயர் சுகியாமா வாயிச்சி. பெரிய ஊசி வைத்தியர். இன்று உலகம் முழுவதும் ‘அக்குபஞ்சர்’ என்று சொல்கிறார்களே, அந்த வைத்தியத்தில் ஒரு பெரிய மாறுதலைச் செய்தவர். அதிபதி அவருக்குக் கண் கொடுத்தாரா? கொடுத்தார். எப்படி என்பதைப் பிறகு பார்ப்போம்.

வாரிசு உரிமை போயிற்று

சுகியாமா 1610-ம் ஆண்டில் ஜப்பானில் இசே என்ற வட்டாரத்தில் பிறந்தார். தகப்பனார் ‘சாமுராய்’ எனப்படும் போர்வீரர் குலத்தைச் சேர்ந்தவர். ஒரு சிற்றரசரிடம் சேவகம் செய்தவர். பையன் வளர்ந்து, வாளை இடுப்பில் கட்டிக்கொண்டு, அப்பாவின் பதவிக்கு வரவேண்டும். அதுதான் அந்தக் குலத்தின் வழக்கம்.

ஆனால் சிறு வயதிலேயே ஒரு கொள்ளைநோய் பையனின் இரண்டு கண்களையும் பறித்துவிட்டது. கண் தெரியாதவன் வாள் பிடிப்பது எப்படி? சகோதரியின் கணவருக்குக் குடும்ப உரிமை போயிற்று. பெரிய வீட்டுப் பிள்ளை, பிழைப்புக்கு வழி தேட வேண்டியவன் ஆனான்.

அந்தக் காலத்து ஜப்பானில் கண் தெரியாதவர்களுக்கு என்று சில தொழில்கள் இருந்தன. வாத்தியம் வாசிக்கலாம். உடம்பு பிடித்துவிடலாம். ஊசி வைத்தியம் செய்யலாம். அவர்களுக்கென்று ஒரு சங்கமும் இருந்தது. அதில் படிப்படியாகப் பல பட்டங்கள் உண்டு. உயர்ந்த பட்டத்துக்குக் ‘கென்கியோ’ என்று பெயர்.

சுகியாமா தலைநகரான எடோவுக்குப் போனார். (அதுதான் இன்றைய டோக்கியோ.) அங்கே யாமாசே என்ற புகழ்பெற்ற ஊசி வைத்தியரிடம் சீடராகச் சேர்ந்தார்.

விரட்டப்பட்ட சீடர்

படிப்பு ஏறவில்லை! சொன்னது மறந்துபோகும். கை சுறுசுறுப்பாக வராது. மற்றச் சீடர்கள் முன்னேறிக்கொண்டே போனார்கள். சுகியாமா நின்ற இடத்திலேயே நின்றார். கடைசியில் குரு அவரை அனுப்பிவிட்டார்.

குருவைக் குறை சொல்வதற்கில்லை. ஊசி வைத்தியம் லேசான வேலை அல்ல. ஊசி மெல்லியது, தொட்டால் வளையும். சரியான இடத்தைக் கண்டுபிடித்து, வளையாமல், நடுங்காமல், தோலுக்குள் செலுத்த வேண்டும். சீன முறையில் ஊசியை விரல்களால் உருட்டி உருட்டி உள்ளே விடுவார்கள். ஜப்பானில் சிறு சுத்தியலால் தட்டி இறக்கும் முறையும் ஒன்று இருந்தது. கை கொஞ்சம் தடுமாறினால் நோயாளி “ஐயோ!” என்று அலறிவிடுவார். கண்ணும் தெரியாமல், கையும் பழகாமல் இருந்தால் யார் வைத்தியத்துக்கு வருவார்கள்?

வீட்டு உரிமையும் இல்லை. கற்ற தொழிலும் இல்லை. அந்த நிலையில் சுகியாமா போன இடம் எனோஷிமா.

சரஸ்வதியின் தீவு

எனோஷிமா என்பது கடலோரத்தில் உள்ள ஒரு சின்னத் தீவு. எடோவில் இருந்து சுமார் 30 மைல். அங்கே ‘பெந்தென்’ என்ற தேவிக்குக் கோவில் இருக்கிறது. கையில் வீணை போன்ற ஒரு வாத்தியம் வைத்திருப்பாள். கலைக்கும் கல்விக்கும் தெய்வம்.

வாசகர்களுக்கு இவள் புதியவள் அல்ல. நம் சரஸ்வதிதான் அவள்! புத்த மதத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்குப் போய், அங்கே பெந்தென் ஆகிவிட்டாள்.

படிப்பு வராத பிள்ளை சரஸ்வதியிடம் போவது எந்த நாட்டிலும் நடப்பதுதான். சுகியாமா அந்தத் தீவில் சாப்பாடு இல்லாமல் நாள் கணக்கில் விரதம் இருந்தார்.

அதன் பிறகு நடந்ததை ஜப்பானில் கதையாகச் சொல்லி வருகிறார்கள். விரதம் முடிந்து, தள்ளாடியபடி அவர் வெளியே வந்தார். வழியில் ஒரு கல் தடுக்கியது. குப்புற விழுந்தார். ‘சுருக்’ என்று ஏதோ உடம்பில் குத்தியது. தடவி எடுத்துப் பார்த்தார். சிறு மூங்கில் குழல். அதற்குள்ளே ஒரு பைன் மரத்து ஊசி இலை! சுருண்ட இலைக்குள் அது இருந்தது என்று சொல்வாரும் உண்டு.

குழலுக்குள் இருந்ததால் அந்த மெல்லிய இலை வளையாமல் நேராக நின்று குத்தியிருக்கிறது. சுகியாமாவுக்குப் பொறி தட்டியது. ஊசியையும் ஒரு குழலுக்குள் வைத்தால் என்ன?

கதை எவ்வளவு நிஜமோ, குழல் நிஜம்.

தட்டினால் போதும்

அந்தக் குழலின் வேலை மிகவும் சுலபமானது. குழல் ஊசியைவிடக் கொஞ்சம் குட்டை. தோல் மீது குழலை நிறுத்தி, உள்ளே ஊசியைப் போட்டால், ஊசியின் தலை மட்டும் மேலே சிறிது நீட்டிக்கொண்டு இருக்கும். விரலால் லேசாக ஒரு தட்டு. அவ்வளவுதான்! ஊசி முனை தோலைக் கடந்துவிடும். பிறகு குழலை உருவிவிட்டு, வேண்டிய ஆழத்துக்கு ஊசியைச் செலுத்தலாம்.

ஊசி கோணாது. கை நடுங்கினாலும் குழல் தாங்கிக்கொள்ளும். குழல் தோலை அழுத்திக்கொண்டு இருப்பதால் குத்தும் வலியும் அதிகம் தெரியாது. முன்பு கையாள முடியாத மிக மெல்லிய ஊசிகளைக்கூட இப்போது உபயோகிக்க முடிந்தது. முக்கியமாக, இதற்குக் கண் தேவை இல்லை. விரல் நுனியால் இடத்தைக் கண்டுபிடித்தால் போதும். அந்த வித்தையில் கண் இல்லாதவர்களை மிஞ்ச யாரால் முடியும்?

சுகியாமா அத்தோடு நிற்கவில்லை. கியோட்டோ நகரத்துக்குப் போய், இரியே என்ற வைத்தியப் பரம்பரையில் மீண்டும் சீடராகச் சேர்ந்து படித்தார். யாமாசேயும் அந்தப் பரம்பரையில் படித்தவர்தான். பிறகு எடோவுக்குத் திரும்பித் தொழில் தொடங்கினார். கூட்டம் குவிந்தது. 1670-ம் ஆண்டில், 60-வது வயதில், ‘கென்கியோ’ பட்டம் கிடைத்தது.

72 வயதில் பள்ளிக்கூடம்

அப்போது ஜப்பானில் சக்கரவர்த்தி பெயருக்குத்தான் இருந்தார். அதிகாரம் முழுவதும் ‘ஷோகன்’ என்ற ராணுவ அதிபதியின் கையில். 1680-ல் சுனயோஷி என்பவர் ஷோகன் ஆனார். நாய்களைக் கொல்லக்கூடாது என்று கடும் சட்டம் போட்டு, ‘நாய் ஷோகன்’ என்று பெயர் வாங்கியவர் இவர்தான்! இவருக்கு வைத்தியம் செய்யும் பாக்கியம் சுகியாமாவுக்குக் கிடைத்தது.

ஊசி வைத்தியத்தை வளர்க்கும்படி ஷோகன் உத்தரவு போட்டார். 1682-ம் ஆண்டில் சுகியாமா ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். கண் தெரியாதவர்கள் அங்கே ஊசி வைத்தியமும் உடம்பு பிடித்துவிடும் முறையும் கற்றார்கள். ‘மந்த புத்தி’ என்று விரட்டப்பட்டவர், 72 வயதில் வாத்தியார்! பாடம் சொல்ல 3 நூல்களும் செய்து வைத்தார்.

ஐரோப்பாவில் கண் தெரியாதவர்களுக்கு முதல் பள்ளிக்கூடம் ஏற்பட்டது பாரிஸ் நகரில், அதுவும் 1780-களில்தான். சுகியாமா அதற்கு நூறு ஆண்டு முந்திவிட்டார். அவருக்குப் பின் அவருடைய சீடர்கள் நாட்டின் பல இடங்களில் இதுபோன்ற பள்ளிகளை வைத்தார்கள்.

எல்லோருக்கும் ஊசி வசப்பட்டது என்று சொல்ல முடியாது. பின்னாளில் ஹனாவா ஹோகிச்சி என்ற கண் தெரியாத இளைஞர் இதே தொழிலைப் படித்துத் தோற்றார். பிறகு புத்தகங்களின் பக்கம் திரும்பி, ஜப்பானின் பெரும் பண்டிதர் ஆனார்! அமெரிக்காவின் ஹெலன் கெல்லர் அம்மையார், சிறு வயதில் தமக்கு முன்மாதிரியாக இவரைத்தான் தம் தாயார் காட்டினார் என்று சொல்லி இருக்கிறார்.

கிடைத்தது கண்!

சுகியாமா எவ்வளவு உயர்ந்த பிறகும் எனோஷிமாவை மறக்கவில்லை. மாதம் தவறாமல் அந்தத் தேவியைத் தரிசிக்கப் போவார். எண்பது வயதிலும் போனார். ‘கிழவர் இவ்வளவு தூரம் அலைகிறாரே’ என்று ஷோகனே கவலைப்பட்டார்.

அந்தச் சமயத்தில்தான் “என்ன வேண்டும்?” என்ற கேள்வியும், “ஒரு கண்” என்ற பதிலும் வந்தன என்கிறார்கள்.

ஷோகன் யோசித்தார். எடோவில் ஆற்றை அடுத்து ‘ஹிதோத்சுமே’ என்று ஓர் இடம் இருந்தது. அந்தச் சொல்லுக்கு ‘முதலாவது’ என்று ஒரு பொருள். ‘ஒற்றைக் கண்’ என்றும் ஒரு பொருள்! 1693-ம் ஆண்டில் அந்த இடத்தைச் சுகியாமாவுக்குக் கொடுத்தார். தேவியையும் அங்கேயே எழுந்தருளச் செய்து கோவில் அமைந்தது. இனிமேல் 30 மைல் நடக்க வேண்டியதில்லை.

மறு ஆண்டே, 1694-ல், சுகியாமா காலமானார்.

டோக்கியோவில் அந்தக் கோவில் இன்றும் இருக்கிறது. பெந்தென் தேவியோடு சுகியாமாவையும் அங்கே வைத்து வணங்குகிறார்கள். ஊசி வைத்தியத்தால் எந்த நோய் தீரும், எது தீராது என்று டாக்டர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் குழலைப் பற்றி விவாதமே இல்லை. மூங்கிலுக்குப் பதில் பிளாஸ்டிக், அதுதான் வித்தியாசம். ஜப்பானில் கண் தெரியாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் இந்தத் தொழிலை இன்றும் கற்றுக்கொடுக்கிறார்கள். சர்க்கார் பரீட்சையில் தேறியவர்கள் தொழில் செய்து குடும்பம் நடத்துகிறார்கள்.

எனோஷிமாவுக்குப் போகிற யாத்திரிகர்கள் வழி தவறாமல் இருக்க, பாதை நெடுகச் சுகியாமா கல் நாட்டினார். 48 கற்கள் என்பார்கள். பத்துக்கு மேற்பட்டவை இன்றும் நிற்கின்றன. எழுத்துக்கள் ஆழமாகச் செதுக்கப்பட்டு இருக்கின்றன. கண் தெரியாதவர்கள் விரலால் தடவிப் படிக்கட்டும் என்றே அப்படிச் செய்தாராம்.

அவரைத் தடுக்கிவிட்டதாகச் சொல்லும் கல்லும் தீவில் இருக்கிறது. ‘அதிர்ஷ்டக் கல்’ என்று அதற்குப் பெயர். அதன் பக்கத்தில் எதையாவது கண்டெடுத்தால் நல்லது நடக்கும் என்று நம்பிக்கை.