வண்டியை நிறுத்திய விளக்கெண்ணெய்

படாளத்திலுள்ள மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர்களை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். டிராக்டரில் கலப்பையைத் தூக்கும் கையும், டிப்பரில் மண் கொட்டும் தொட்டியும், காரின் பிரேக்கும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குபவை. பெரிய லாரிகளுக்குக் காற்றுப் பிரேக்; அதை இன்று விட்டுவிடுவோம்.

அடைபட்ட திரவத்தின்மீது ஓரிடத்தில் செலுத்தும் அழுத்தம் எங்கும் குறையாமல் பரவும் என்பது பாஸ்கல் கண்ட விதி. ஒரு சதுர சென்டிமீட்டர் பிஸ்டனை 10 கிலோ விசையுடன் அழுத்தினால், 5 சதுர சென்டிமீட்டர் பிஸ்டன் 50 கிலோ விசையுடன் தள்ளும். திரவம் அழுத்தத்தில் சுருங்காது என்பதே இதற்கு ஆதாரம்.

அந்தத் திரவமாக முதலில் அமர்ந்தவற்றுள் ஒன்று, நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த விளக்கெண்ணெய்தான்! காரணம் உண்டு. அக்காலத்துப் பிரேக்கின் வாஷர்கள் இயற்கை ரப்பரால் ஆனவை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அவை ஊதிப் பழுதாகும். விளக்கெண்ணெய் அவ்வாறு செய்யாது. அதன் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலிக் அமிலம். இதனால் அது மற்றத் தாவர எண்ணெய்களைவிடக் கெட்டியானது; அவற்றைப் போலன்றிச் சாராயத்தில் எளிதில் கரைவதும் ஆகும். ஆகவே சாராயம் சேர்த்து இளக்கிப் பயன்படுத்தினர். சோவியத் நாட்டுக் கார்களுக்கு விளக்கெண்ணெயும் பியூட்டனாலும் சரிபாதி கலந்த சிவப்புத் திரவம் நெடுங்காலம் வழங்கிற்று.

குறையும் அந்தச் சாராயத்திலேயே இருந்தது. மலைச்சரிவில் இடைவிடாது பிரேக்கை மிதித்தால் சக்கரத்தில் சூடு ஏறும். பியூட்டனால் ஏறத்தாழ 118 டிகிரியில் கொதித்து ஆவியாகும். ஆவி சுருங்கும் தன்மையது. மிதி தரையைத் தொடும், வண்டி நில்லாது. இன்றைய டாட் 3 திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை தாங்கவேண்டும். அதுவும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெடுவதால், குறித்த காலத்தில் மாற்றவேண்டும். அவசரத்துக்கு என்று இக்காலப் பிரேக்கில் கையில் அகப்பட்ட எண்ணெயை ஊற்றுவது உயிரோடு விளையாடுவதாகும். புட்டியில் இருப்பது விளக்கெண்ணெயாயினும் அது ஆகாது.

தூக்கும் இயந்திரங்களின் செய்தி வேறு. குழாய் வெடித்தால் பெட்ரோலிய எண்ணெய் வயலில் நெடுநாள் தங்கும். தாவர எண்ணெயை மண்ணின் நுண்ணுயிர்கள் விரைவில் சிதைத்துவிடும். ஐரோப்பியக் காடுகளில் மரம் வெட்டும் இயந்திரங்களுக்குக் கடுகினத்து எண்ணெயை ஊற்றுவது இதற்காகவே. ஆயினும் சூட்டில் அது பிசினாகும், நீர் கலந்தால் புளிக்கும். விலையும் கூடுதல்.

உலகில் மிகுதியாக ஆமணக்கு விளைவது இந்தியாவில்; அதிலும் குஜராத்தில். நம் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரிலும் அதற்கென ஆராய்ச்சி நிலையம் உண்டு. பயிரிட எண்ணுவோர் ஒன்றறிக: விதையிலுள்ள ரிசின் என்னும் நஞ்சு எண்ணெயில் இறங்குவதில்லை, பிண்ணாக்கிலேயே தங்கும். அப்பிண்ணாக்கு வயலுக்கு நல்ல உரம். மாட்டின் தொட்டிக்கு ஆகாது.