டப்பா சொல்லும் பொய்க் கணக்கு!

"மாமா, சின்ன டப்பாதான்... தீப்பெட்டிய விட கொஞ்சம் பெருசு. மாட்டினா வண்டி பிச்சிக்கினு போவும்!"

உத்திரமேரூர் டீக்கடையில் என் மச்சினன் இதைச் சொன்னபோது அவன் முகத்தில் தெரிந்த ஒளி, அவனுக்குப் பெண் பார்த்த அன்றைக்குக்கூட இல்லை. ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. கடனில் வாங்கிய பழைய ஸ்விஃப்ட் டீசல். டப்பாவின் விலை? அவனுடைய இரண்டு மாதத் தவணை!

"எதுக்குடா இவ்ளோ வேகம்?"

"டிப்பர் லாரி மாமா! ஜல்லி ஏத்திக்கினு முன்னாடியே போயினு இருக்கான். ஒரே தூசி. ஓவர்டேக் எடுத்தா வண்டிக்கு மூச்சு வாங்குது."

நியாயமான வருத்தம்தான். கல் குவாரிகள் நிறைந்த பக்கம். டிப்பருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவனுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம். சரி, டப்பா என்னதான் செய்கிறது?

இன்றைய டீசல் கார்களில் ‘காமன் ரெயில்’ என்று ஒரு குழாய் உண்டு. கார்களில் இது முதலில் வந்தது 1997-ல், ஆல்ஃபா ரோமியோ 156-ல். லாரி டயரில் காற்றழுத்தம் சுமார் 8 பார் என்றால், இந்தக் குழாயில் டீசல் 1,000 பாருக்கும் மேலே முறுக்கிக்கொண்டு நிற்கும். எவ்வளவு அழுத்தம் என்று ஒரு சென்சார் அளந்து, வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நம் டப்பா இந்த இரண்டுக்கும் நடுவில் போய் உட்காருகிறது. ஆபீசரைப் பார்க்க விடாமல் நடுவில் ஒரு கிளார்க் உட்கார்ந்திருப்பாரே... அதே மாதிரி! உள்ளே 1,200 இருந்தால், "1,050தான் சார் இருக்கு" என்று ஒரு பொய். கம்ப்யூட்டர் நம்பிவிடும். "அப்படியா, ஏத்துய்யா!" என்று பம்ப்புக்கு உத்தரவு போடும். அதே நேரத்தில் கூடுதல் டீசல் உள்ளே பாயும். சக்தி கூடுவது நிஜம்தான். அதில் பொய் இல்லை.

இந்தப் பேச்சு நடப்பது எந்த ஊரில்? 1,100 வருஷங்களுக்கு முன்னால், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், குடவோலைத் தேர்தலுக்கு விதிகளைக் கல்லில் வெட்டி வைத்த ஊரில்! வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரையும், அவன் சொந்தக்காரர்கள் பெயரையும் குடத்தில் போடவே கூடாது என்கிறது அந்தக் கல்வெட்டு. (மச்சினன் தப்பு செய்தால் என் பெயரும் போச்சு!)

கூடுதல் டீசலுக்கு ஏற்ற காற்று வேண்டும். இல்லாவிட்டால் கரும்புகை. புகை போகட்டும், சூடு? அது பிஸ்டன் தலையிலும் டர்போவிலும் இறங்கும். கூடுகிற இழுவிசையை முதலில் தாங்க வேண்டியது கிளட்ச். மச்சினன் வண்டியின் 1,248 சி.சி. என்ஜின் 75 குதிரைச் சக்திக்கு விற்கப்பட்டது. கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் தாங்குசக்தி மிச்சம் வைத்துத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அந்த மிச்சம் புது வண்டிக்கு. லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அது எவ்வளவு பாக்கி என்று எந்த டப்பாவுக்குத் தெரியும்? 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல்களில் இன்னொரு தலைவலி: கூடுதல் புகைக்கரி போய்ப் புகைக்குழாயின் வடிகட்டியை அடைத்துக்கொள்ளும்.

"மைலேஜும் ஏறுதாம் மாமா. ஃப்ரெண்டு வண்டில மீட்டர்லயே காட்டுது!"

இங்கேதான் வேடிக்கை. மீட்டரில் மைலேஜ் போடுவதும் அதே ஏமாந்த கம்ப்யூட்டர்தான்! கூடுதலாகப் போன டீசல் அதன் கணக்கிலேயே வராது. டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பங்க்காரர் பில்லில் எந்த டப்பாவும் கை வைக்க முடியாதே!

சட்டம் இன்னும் கறார். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால், 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கப் போகும் கேள்வி தனி. "சர்வீசுக்கு விடறப்ப கழட்டிட்டாப் போச்சு" என்பார்கள். டப்பாவைக் கழற்றலாம். தேய்ந்த கிளட்சை?

எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கூட்டிப் போனேன். வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, கையைத் துடைத்தபடியே கேட்டார்.

"டிப்பரைத் தாண்டும்போது எந்த கியர்ல இருப்பீங்க தம்பி?"

"நாலு... சில நேரம் அஞ்சு."

"இந்த என்ஜின் 2,000 சுத்துக்குக் கீழ தூங்கும். டர்போ காத்து அனுப்பாது. காத்தே இல்லாதப்ப டீசல ஊத்தி இன்னா பண்றது? மூணுக்கு இறக்கி மிதிங்க. ஏர் ஃபில்டரைப் பாத்தீங்களா? செங்கல் சூளை மாதிரி கீது!"

புது ஃபில்டர் சில நூறு ரூபாயோடு முடிந்தது.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். டிப்பரை மூன்றாவது கியரில் தாண்டிக் காட்டினான். பின் கண்ணாடியில் மட்டும் புதுசாகப் பெரிய எழுத்தில் ஒரு ஸ்டிக்கர்: ‘டர்போ பவர்!’

"இது இன்னாடா?"

"சும்மா மாமா... பின்னாடி வர்றவனுக்கு!"