பிள்ளைகள் கையில் அச்சுக்கூடம்!

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்துவிட்டால் பிள்ளை படிப்பாளி ஆகிவிட்டான் என்றொரு கணக்கு நம்மிடையே இருக்கிறது. அந்தக் கணக்கை முடித்துக் கொடுப்பதுதான் தொடக்கப் பள்ளியின் வேலை, அதற்குமேல் என்ன வேண்டும் என்பாரும் உண்டு. நாம் கேட்கிறோம்: பள்ளியை விட்டு வெளியேறிய நாளிலிருந்து ஒரு புத்தகத்தையும் கையால் தொடாதவர்கள் நம் தெருவில் எத்தனை பேர்? அவர்களுக்கு எழுத்துத் தெரியாதா? தெரியும். பஸ் பலகை படிப்பார்கள், ரேஷன் கார்டு படிப்பார்கள், சம்பளச் சீட்டில் கையெழுத்தும் போடுவார்கள். படிக்கும் ஆசையை மட்டும் எவரும் அவர்களுக்கு ஊட்டவில்லை.

அதற்கு நேர் எதிரான காட்சியும் உழைப்பாளிகளுக்குப் புதிதல்ல. கண்ணூர்ப் பகுதிப் பீடிக் கூடங்களில் ஒருவர் உரக்கப் பத்திரிகை வாசிக்க, மற்றவர்கள் பீடி சுற்றியபடியே கேட்டார்கள். வாசித்தவருக்குக் கூலி குறையாமலிருக்க, அவருக்கான பீடியையும் தாங்களே சுற்றிக் கொடுத்தார்கள். எழுத்தறியாதவர்கூட அந்த ஏட்டுக்காகக் காத்திருந்தார். காரணம் என்ன? அதில் வந்தது அவருடைய சேதி!

இந்த எளிய உண்மை வகுப்பறைக்குள் நுழைய மறுக்கிறது. பிரம்பு போய்விட்டது, 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடுத்தது, நல்லது. ஆனால் கரும்பலகையில் எழுதிப்போட்ட விடையைப் பார்த்து எழுது, பத்துத் தடவை எழுது என்னும் பழக்கம் போகவில்லை. பத்துத் தடவை எழுதிய பிள்ளை, தன் சொல் என்று ஒரு வரிகூட எழுதியிருக்காது.

இதை மாற்றிக் காட்டிய ஓர் ஆசிரியரின் வரலாற்றை நம் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். பெயர் செலஸ்தேன் பிரெனே. 1896-இல் பிரான்சின் தென்கோடி மலைக் கிராமமொன்றில் பிறந்தவர். முதல் உலகப் போரில், 1917-இல், நுரையீரலில் குண்டடி பட்டது. 1920-இல் பார்-சூர்-லூ என்ற சிற்றூரின் பள்ளியில் வேலை கிடைத்தது. மூச்சு வாங்கும், மணிக்கணக்கில் நின்று பேச முடியாது. வாசனைத் தைலத்துக்குப் பெயர்போன கிராஸ் நகருக்குப் பக்கத்து ஊர் அது. ஏழைக் குடியானவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்தான் மாணவர்கள்.

பாடப் புத்தகத்தைத் திறந்தால் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். வெளியே அழைத்துப் போனால் கண் விழித்தார்கள். வயல், ஓடை, தச்சர் பட்டறை என்று பார்த்துவிட்டு வந்து அவர்கள் சொன்னதைப் பிரெனே கரும்பலகையில் எழுதினார். ஒரு நாள் பிள்ளைகள் நத்தைகளைப் பிடித்து வந்து பந்தயம் விட்டார்கள். அதையும் பலகையில் எழுதினார். எல்லோரும் படித்தார்கள், படி படி என்று எவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஆனால் பலகையில் எழுதியது மாலையில் அழிந்துவிடுகிறதே! அங்கேதான் அவருக்கு அச்சு யந்திரத்தின் நினைவு வந்தது. 1924-இல் தம் பள்ளிக்கு ஒரு சின்னக் கைஅச்சு வாங்கிவிட்டார். பிறகு நடந்ததை அச்சுத் தொழில் அறிந்த தோழர்கள் கவனித்துப் படிக்க வேண்டுகிறோம். பிள்ளைகள் தாங்கள் எழுதியதைச் சபையில் வாசிப்பார்கள். எதை அச்சேற்றுவது என்று ஓட்டெடுப்பு நடக்கும். தேர்ந்த கட்டுரையை வகுப்பு முழுவதும் கூடித் திருத்தும். பிறகு ஆளுக்கு ஒன்றிரண்டு வரியாக ஈய எழுத்தைக் கோப்பார்கள். ஒவ்வோர் எழுத்தும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கும். ஓர் எழுத்துத் தவறினால் ஆசிரியரின் சிவப்பு மையில் முடிந்துபோகிற தவறல்ல அது. அச்சிட்ட அத்தனை தாளிலும் ஊர் பார்க்க நிற்கும். கோத்து, மை தடவி, தாள் வைத்து அழுத்தி எடுத்தால், தன் தெருவும் தன் ஆடும் தன் அப்பாவும் அச்செழுத்தில்! அந்தத் தாளைப் படிக்காமல் எந்தப் பிள்ளை இருக்கும்?

தாள்களைச் சேர்த்துக் கட்டினால் ஆளுக்கொரு புத்தகம். அதோடு நிற்கவில்லை. 1926-இல், பிரான்சின் மறு கோடியில், பிரித்தானிக் கடற்கரையை ஒட்டிய திரேகன் என்ற ஊர்ப் பள்ளிக்கு இந்தத் தாள்கள் தபாலில் போயின; அங்கிருந்து அவர்களின் தாள்கள் வந்தன. மலைப் பிள்ளைக்குக் கடலைச் சொல்ல ஒரு தோழன், கடற்கரைப் பிள்ளைக்கு மலையைச் சொல்ல ஒரு தோழன். எழுதினால் படிக்க ஆளிருக்கிறது. படித்தால் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

இதை ஒரு வெள்ளைக்காரன் கதை என்று தள்ளவேண்டாம். ஈய எழுத்தின் மை பட்ட கை என்ன செய்யும் என்பதற்குச் சாட்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை விட்டவர் ஜெயகாந்தன். சென்னையில் கம்யூனிஸ்டுக் கட்சி அலுவலகத்தில் வளர்ந்தார், ஜனசக்தி அச்சகத்தில் வேலை செய்தார். 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு அவருக்கு வந்தது. பள்ளிக்கூடம் மூட்டாத தீயை அச்சுக்கூடமும் தோழர்களின் பேச்சும் மூட்டின. அந்த அச்சுக்கூடத்தைப் பள்ளிக்கே கொண்டுபோனவர் பிரெனே, வேறுபாடு அவ்வளவுதான்.

பிள்ளை தன் சொல்லை எழுதத் தொடங்கினால் யாருக்கு ஆகாது தெரியுமா? 1928-இல் பிரெனே சேன் போல் என்ற ஊர்ப் பள்ளிக்கு மாறினார். அங்கே ஒரு பையன் தான் கண்ட கனவை எழுதினான். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சாமான்களை இலவசமாகத் தர மறுத்த ஊர்த் தலைவர்மேல் வகுப்பே கலகம் செய்வதாகக் கனவு. அச்சாயிற்று. 1932 டிசம்பரில் அதை எடுத்துச் சுவரொட்டியாக ஒட்டினார்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள். பிள்ளைகளைக் கெடுக்கிறான், கலகம் போதிக்கிறான் என்று வலதுசாரிப் பத்திரிகைகள் கூச்சலிட்டன. 1933 ஏப்ரலில் பள்ளி வாசலில் கூட்டம் கூட்டி அமளி செய்தார்கள். ஆசிரியர் சங்கங்கள் அவருக்காகக் குரல் கொடுத்தன. ஆயினும் அவ்வாண்டே அரசு அவரை அப்பள்ளியிலிருந்து அகற்றியது.

சாமான் கொடுக்காத தலைவரை எவரும் கேட்கவில்லை. கனவு கண்ட பையனைக் கேட்டார்கள்! பிள்ளை ‘பசு ஒரு சாது’ என்று எழுதுகிற வரையில் கனவான்களுக்குக் கவலையில்லை. பசுவுக்குத் தீவனம் இல்லை என்று எழுதினால்தான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. பிரெனே பணிந்துபோகவில்லை. 1935-இல் பக்கத்து ஊரான வான்ஸில் சொந்தமாகப் பள்ளி திறந்தார். 1940-இல் அவரைப் பிடித்துச் சிறை முகாமில் அடைத்தார்கள். மீண்டு வந்து, 1966-இல் இறக்கும்வரை அந்த வேலையை விடவில்லை.

நம் நாட்டு நிலைமை என்ன? ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லமாட்டோம். தமிழ்நாட்டு அரசு 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. 2023-இல் ‘வாசிப்பு இயக்கம்’ வந்தது. பிள்ளைகள் ஒரே மூச்சில் படித்து முடிக்கக்கூடிய சிறு புத்தகங்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிவகுத்து அச்சிட்டார்கள். பெயரே அழகு! வரவேற்கிறோம். ஆனால் திட்டம் எதுவானாலும் கணினியில் பதிவேற்றும் வேலை ஆசிரியரின் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் முறையிட்டதையும் மறைக்கமாட்டோம். பிள்ளை எழுதிய நாலு வரியை உட்கார்ந்து படிக்க ஆசிரியருக்கு நேரம் வேண்டாமா?

இன்னொன்று, பீரோ. பல பள்ளிகளில் நூலகம் என்றால் பூட்டிய இரும்பு பீரோ. புத்தகம் கிழிந்தால் கணக்கு யார் சொல்வது என்ற பயம் தலைமை ஆசிரியருக்கு. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கிழிந்த புத்தகத்துக்காக அவரை மிரட்டும் மேலதிகாரியையும் கேட்க வேண்டும். ஓராண்டில் ஒரு புத்தகமும் கிழியாத பள்ளியைப் பார்த்துத்தான் அதிகாரி கவலைப்பட வேண்டும் என்பது நம் கட்சி!

எழுத விட்டால் பிழை மலியும் என்பார் சிலர். மலியட்டும். அச்சேறும் நாளில் பிள்ளைகளே கூடித் திருத்துவதைத்தான் மேலே சொன்னோமே. ஈய எழுத்தும் கைஅச்சும் இன்று எங்கே கிடைக்கும் என்பார் வேறு சிலர். அது இல்லாவிட்டால் போகிறது! கையெழுத்துப் பத்திரிகை நடத்திப் பழகியவர்கள்தாமே நம் இயக்கங்களின் முன்னோர்? ஒரு முழுத்தாள், இரண்டு பேனா, நகல் எடுக்க ஒரு கடை, வேறென்ன வேண்டும்?

தோழர்களே! நம் படிப்பகங்களின் அறிவிப்புப் பலகை பெரும்பாலும் ஆள் உயரத்துக்கு மேலேதான் தொங்குகிறது. அதன் கீழே, மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண் மட்டத்தில், இன்னொரு பலகை அடியுங்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளியின் ஆசிரியரைப் பார்த்து, பிள்ளைகள் தேர்ந்தெடுத்த ஒரு தாளை வாரம்தோறும் கேட்டு வாங்கி ஒட்டுங்கள். கூட்டம் தொடங்குமுன் ஒருவர் அதை உரக்கப் படிக்கட்டும். இரண்டு வரி பதில் எழுதி அனுப்பட்டும். தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதியிருந்தால் அதையும் கிழிக்காமல் ஒட்ட வேண்டும், கவுன்சிலர் நம்மவரே ஆனாலும்! பலகை அடிக்கும் வேலையைத் தச்சுத் தோழர் ஒருவர் ஏற்கட்டும். பசைக்கும் தாளுக்குமான செலவைக் கிளைப் பொருளாளர் இந்த மாதக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளட்டும்.