ஐந்தாம் சக்கர இணைப்பி

ஐந்தாம் சக்கர இணைப்பி என்பது இழுவை லாரியின் பின்பகுதியில் அமைந்து, டிரெய்லரின் முன்பகுதியைத் தாங்கி இழுக்கும் இரும்புத் தட்டு ஆகும். குதிரை வண்டியின் முன் அச்சுத் திரும்புவதற்காகக் கிடையாகப் பொருத்தப்பட்ட வளையத்திலிருந்து இப்பெயர் வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கிரானைட் பாளங்கள் இவ்வகை டிரெய்லர்களில் கொண்டுசெல்லப்படுகின்றன.

தேர்வில் முதலில் பார்க்கவேண்டியது கிங் பின்னின் விட்டம்: 2 அங்குலம் அல்லது 3.5 அங்குலம். ஒன்றுக்கான பூட்டு மற்றதைப் பிடிக்காது. அடுத்தது, தட்டின் மேல் இறங்கும் சுமை. இத்துடன் நிறுத்துவது ஆபத்தானது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இறங்கும் சாலையில் பிரேக் பிடிக்கும்போது, டிரெய்லர் லாரியை முன்னோக்கித் தள்ளும். இத்தகைய கிடைவிசையைத் தாங்கும் திறனே டி மதிப்பு எனப்படுகிறது. வண்டியின் மொத்த எடை 55 டன், டிரெய்லர் 46 டன், அதில் தட்டின் மேல் இறங்குவது 19 டன் எனில், தேவைப்படும் டி மதிப்பு ஏறத்தாழ 138 கிலோநியூட்டன் ஆகும்.