பேரரசர் மாறுவதற்கு முன்பே 60 லட்சம் பேர்? ஆதி திருச்சபை வளர்ந்த கதை

கி.பி. 112 வாக்கில் ரோமப் பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் போகிறது. எழுதியவர் பிளினி. இன்றைய துருக்கியின் வடக்கே, கருங்கடல் ஓரத்தில் இருந்த பித்தினியா-பொந்து மாகாணத்தின் ஆளுநர். அவருடைய கேள்வி இதுதான்: 'கிறிஸ்தவர்கள்' என்று சொல்லிச் சிலரைப் பிடித்து வந்திருக்கிறார்கள், இவர்களை என்ன செய்வது?

"நீ கிறிஸ்தவனா?" என்று மூன்று முறை கேட்பாராம். மூன்று முறையும் "ஆமாம்" என்றால் மரண தண்டனை. இந்தக் கூட்டத்தில் அப்படி என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, அதில் பொறுப்பில் இருந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரிக்கிறார். ஏதோ பெரிய சதி வெளியே வரும் என்று எதிர்பார்த்தவருக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. கூட்டத்திலிருந்து விலகியவர்கள் சொன்னதும் சாதாரண விஷயங்கள்தான். குறிப்பிட்ட நாளில் விடியும் முன் கூடுவார்கள், பாடுவார்கள், திருட மாட்டோம், கொடுத்த வாக்கை மீற மாட்டோம் என்று உறுதி எடுப்பார்கள். பிறகு ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அவ்வளவுதான்.

பிளினியைக் கவலைப்பட வைத்தது எண்ணிக்கை. எல்லா வயதிலும் இருக்கிறார்கள், எல்லா அந்தஸ்திலும் இருக்கிறார்கள், நகரத்தைத் தாண்டி கிராமத்துக்கும் பரவிவிட்டது என்று எழுதுகிறார்.

ஜெருசலேமில் இயேசு சிலுவையில் அறையப்பட்டு அப்போது சுமார் 80 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. படை இல்லை, அரசு ஆதரவு இல்லை, சொந்தமாக ஒரு கோயில்கூட இல்லை. அப்புறம் எப்படி?

'கான்ஸ்டன்டைன் மாறினார், எல்லாரும் மாறிட்டாங்க' - சரியா?

பாதிதான் சரி. கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தின் பக்கம் சாய்ந்தது 312-ல். அதற்கு முன்பே சுமார் 280 ஆண்டு வளர்ச்சி நடந்து முடிந்திருந்தது.

அமெரிக்க சமூகவியலாளர் ராட்னி ஸ்டார்க் 1996-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு கணக்கு போட்டார். கி.பி. 40-ல் 1,000 கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 ஆண்டுக்கு 40% வளர்ந்தால், கி.பி. 100-ல் சுமார் 7,500 பேர். 200-ல் சுமார் 2.18 லட்சம். 300-ல் சுமார் 63 லட்சம். அன்றைய ரோமப் பேரரசின் மக்கள்தொகை 6 கோடி என்று எடுத்துக்கொண்டால், அதில் பத்தில் ஒரு பங்கு.

10 ஆண்டுக்கு 40% என்பது பெரிதாகத் தெரியலாம். ஆண்டுக்கு என்று பார்த்தால் சுமார் 3.4%தான். உங்கள் ஃபிக்ஸட் டெபாசிட் வட்டியைவிடக் குறைவு! 100 பேர் இருக்கும் ஊரில் ஆண்டுக்கு மூன்று, நான்கு பேர் சேர்ந்தால் போதும். கூட்டு வட்டி மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இது மதிப்பீடுதான், அன்றைக்கு யாரும் சென்சஸ் எடுக்கவில்லை. ஆனால் ஒரே நாளில் ஊரே மதம் மாறும் அதிசயம் இல்லாமலேயே இந்த வளர்ச்சி சாத்தியம் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

பரவிய பாதை எது?

ரோம் போட்டு வைத்த சாலைகளும் கப்பல் வழிகளும். அவற்றோடு, பெரிய நகரங்களில் ஏற்கெனவே குடியேறியிருந்த யூத சமூகங்கள். பவுல் ஒரு புது ஊருக்குப் போனால், முதலில் அங்குள்ள யூதர்களின் ஜெப ஆலயத்துக்குத்தான் போனார் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். அவருக்குக் கூடாரம் செய்யும் தொழில் தெரியும். கொரிந்துவில் அதே தொழில் செய்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியின் வீட்டில் தங்கி வேலை செய்தார். ஊர் பழக்கம், தொழில் பழக்கம்: இதுதான் நெட்வொர்க்.

பெரிய திருப்பம் கி.பி. 50-ஐ ஒட்டி ஜெருசலேமில் நடந்த கூட்டம். யூதர் அல்லாதவர்கள் இந்தச் சமூகத்தில் சேர விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்று கடும் விவாதம். 'தேவையில்லை' என்று முடிவானது. யூதத்துக்குள் ஒரு பிரிவாகவே நின்றிருக்கக்கூடிய இயக்கத்துக்கு, அன்றிலிருந்து வெளிவாசல் திறந்தது.

எங்கே கூடினார்கள்?

வீடுகளில். இன்றைய சிரியாவில் உள்ள துரா-யூரோபோஸ் என்ற எல்லை நகரில் 1930-களில் தோண்டியபோது அப்படி ஒரு வீடு கிடைத்தது. இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்து ஒரு ஹாலாக்கியிருக்கிறார்கள். இன்னொரு அறையில் ஞானஸ்நானத் தொட்டி, சுவர்களில் ஓவியங்கள். தெருவிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு.

256 வாக்கில் பாரசீகப் படை முற்றுகையிட்டபோது, மதிலைப் பலப்படுத்த மண்ணைக் கொட்டியதில் அந்த வீடு புதைந்துபோனது. அதனால்தான் ஓவியங்கள் தப்பின.

உள்ளே வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

நம்பிக்கை தந்த ஆறுதல் ஒரு பக்கம். கையில் பிடிக்கக்கூடிய காரணங்களும் இருந்தன.

முதலாவது, பெண்கள். எகிப்தில் கிடைத்த கி.மு. 1-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில், கர்ப்பிணி மனைவிக்குக் கணவன் எழுதுகிறான்: ஆண் குழந்தை என்றால் வைத்துக்கொள், பெண் என்றால் வெளியே போட்டுவிடு. இது அன்றைக்குக் குற்றமில்லை. கிறிஸ்தவச் சபைகள் இதைத் தடை செய்தன. விதவைகள் மறுமணம் செய்யாவிட்டால் ரோமச் சட்டம் சொத்துரிமையில் கை வைத்தது. சபையோ அவர்களுக்குச் சாப்பாடு போட்டது. 251-ல் ரோம் சபை மட்டும் 1,500-க்கும் மேற்பட்ட விதவைகளையும் ஏழைகளையும் பராமரித்ததாக அதன் ஆயர் கொர்னேலியு எழுதியிருக்கிறார்.

இரண்டாவது, கொள்ளைநோய். 250-களில் பேரரசு முழுக்க ஒரு பெரும் தொற்று பரவியது. நோயாளிகளைப் பலர் வீதியில் விட்டு ஓட, தங்கள் ஆட்கள் கூடவே இருந்து கவனித்துத் தாங்களும் இறந்தார்கள் என்று அலெக்சாந்திரியா ஆயர் தியோனிசியு எழுதினார். அவர் சொந்தத் தரப்பைப் புகழ்கிறார் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். ஆனால் மருந்தே இல்லாத காலத்தில் தண்ணீரும் கஞ்சியும் கொடுக்க ஓர் ஆள் இருந்தாலே பிழைப்பவர்கள் கூடுவார்கள் என்பது ஸ்டார்க்கின் வாதம். பிழைத்தவர், தன்னைக் காப்பாற்றியவரை மறக்க மாட்டார் அல்லவா?

இதற்கு எதிர் முகாமிலிருந்தே சாட்சி உண்டு. 361 முதல் 363 வரை ஆண்ட ஜூலியன், பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்ற பேரரசர். இவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள், நாமும் செய்ய வேண்டும் என்று தன் பூசாரி ஒருவருக்குக் கடுப்போடு எழுதினார்.

300 ஆண்டும் துன்புறுத்தல்தானா?

இல்லை. 64-ல் ரோம் தீப்பிடித்தபோது நீரோ கிறிஸ்தவர்கள் மீது பழி போட்டுக் கொன்றது உண்மை. ஆனால் 250-க்கு முன்பு நடந்தவை பெரும்பாலும் அந்தந்த ஊர் அளவிலான தாக்குதல்கள். 'தேடிப் போய்ப் பிடிக்காதே, மொட்டைக் கடுதாசியை ஏற்காதே' என்பதுதான் பிளினிக்கு டிராஜன் அனுப்பிய பதில். அதேசமயம், விசாரணையில் உறுதியானால் தண்டனை உண்டு.

250-ல் பேரரசர் டீசியஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றார். எகிப்து மணலில் அந்தச் சான்றிதழ்கள் இன்றும் கிடைக்கின்றன. மறுத்து இறந்தவர்கள் உண்டு. பலியிட்டவர்கள் ஏராளம். லஞ்சம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களும் உண்டு. பயந்து விலகியவர்களைத் திரும்பச் சேர்ப்பதா வேண்டாமா என்ற சண்டை சபைகளைப் பிளந்தது. கடைசியில் பெரும்பான்மை சபைகள் மனம் வருந்தியவர்களை ஏற்றுக்கொண்டன. வீரர்களுக்கு மட்டுமான இயக்கமாக அது சுருங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

303-ல் டயோக்ளீஷியன் தொடங்கியது கடைசிப் பெரிய அலை. 311-ல் அவருக்குப் பின் வந்த கலேரியஸே தோல்வியை ஒப்புக்கொண்டு அனுமதி அளித்தார். 313-ல் கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் மத சுதந்திரத்தை உறுதி செய்தார்கள்.

அரசு கைகோத்த பிறகு?

வேகம் கூடியது, குணமும் மாறியது. 325-ல் நிசேயா நகரில் ஆயர்களைக் கூட்டியவர் பேரரசரே. 380-ல் கிறிஸ்தவம் அரசு மதமானது. அடுத்த சில பத்தாண்டுகளில் பழைய கோயில்கள் மூடப்பட்டன, சில இடிக்கப்பட்டன. நேற்றுவரை சட்டத்துக்குப் பயந்தவர்கள் கைக்குச் சட்டம் வந்தபோது, மற்றவர்களுக்கு அதே பயத்தைக் கொடுத்தார்கள். இதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

நம்ம ஊர்ப் பக்கம்?

ரோம் எல்லைக்கு வெளியேயும் ஆர்மீனியா, எத்தியோப்பியா, பாரசீகம் என்று 4-ஆம் நூற்றாண்டிலேயே சபைகள் வேரூன்றின. கி.பி. 52-ல் புனித தோமையார் கேரளக் கரைக்கு வந்தார், சென்னையில் இறந்தார் என்பது இங்குள்ள பழைய மரபு. அதற்குச் சமகால ஆவணம் இல்லை. ஆனால் 6-ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற வணிகர், மலபாரிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர்கள் இருப்பதை எழுதியிருக்கிறார்.

மறுபடி அந்தக் கடிதம்

பிளினியின் பெயர் நமக்குத் தெரியும், டிராஜனின் பெயர் தெரியும். சித்திரவதையைத் தாங்கிய அந்த இரண்டு பெண்களின் பெயரை மட்டும் பிளினி எழுதவில்லை. அடிமைகள்தானே, அவருக்குத் தேவைப்படவில்லை. கான்ஸ்டன்டைனுக்கு 200 ஆண்டுகளுக்கு முன், ஒரு மாகாணத்தின் மூலையில் இந்தச் சபையைத் தாங்கி நின்றவர்கள் அவர்கள்தான்.