முடியரசு போயும் போகாத படிநிலை

பிறக்கவிருந்த குழந்தையின் தோல் நிறம் குறித்துப் பிரித்தானிய அரச குடும்பத்துக்குள் கவலை வெளியிடப்பட்டதாக இளவரசர் ஹரியும் மேகனும் 2021 மார்ச்சில் தொலைக்காட்சியில் கூறினர். அச்செய்தியை நம்மவர்களும் ஆர்வத்தோடு படித்தனர். முடியரசு என்றாலே இப்படித்தான் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது எளிது. யாழ்ப்பாணத்தில் அரசன் இல்லாமற் போய் நானூறு ஆண்டுகளாகின்றன. அவனுக்குக் கீழிருந்த படிநிலை எங்கே போயிற்று என்பதே நாம் கேட்க வேண்டியது.

1619 இல் சங்கிலி மன்னன் போர்த்துக்கேயரிடம் தோற்றான். கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். பின்னர் வந்த ஆட்சியாளருக்கு வரி திரட்டவும் வேலை வாங்கவும் உள்ளூர் முதலிமார் தேவைப்பட்டனர். முதலிமாருக்கோ தம் நிலத்தில் உழைக்க அடிமைகள் தேவைப்பட்டனர். ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை யாழ்ப்பாண வழக்கங்களைத் திரட்டி எழுதினார். பன்னிரண்டு முதலிமார் அதைப் பரிசீலித்துச் சரியென ஒப்பினர். 1707 இல் நடைமுறைக்கு வந்த அந்தத் தேசவழமையில் சீதனத்துக்கும் முதுசத்துக்கும் காணி விற்பனைக்கும் இடமிருப்பது போலவே அடிமைகளுக்கும் ஒரு பகுதி உண்டு. கோவியர், நளவர், பள்ளர் முதலிய சாதியார் அதில் அடிமைகளாகப் பெயர் குறிக்கப்பட்டனர். வழக்கம் எதுவென்று முதலிமாரிடம் கேட்கப்பட்டது; அடிமைகளிடம் எவரும் கேட்கவில்லை. 1806 இல் பிரித்தானியரும் அதற்குச் சட்டவலு அளித்தனர். அடிமை முறை 1844 இல் ஒழிந்தது. காணியும் கிணறும் கோயிலும் பழைய கைகளிலேயே இருந்தன.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1888 இல் அரச ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் வாசித்த கட்டுரையில், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்டார். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்பது பேசப்பட்ட காலம் அது. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907 இல் இக்கருத்தை மறுத்து எழுதினார். டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது அதே இராமநாதன் எதிர்த்து நின்றார். தலை எண்ணுகையில் அயலவரையும் சேர்த்துக்கொண்டவருக்கு, வாக்குச்சீட்டு என்று வந்தபோது தம்மவரிலேயே எளியோர் உவப்பாக இல்லை.

1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்து பதினொரு ஆண்டுகளின் பின்னும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் செல்ல ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. அவர்களை வாசலில் மறித்து நின்றோருக்கு முன்னின்றவர் சி. சுந்தரலிங்கம்: ஒக்ஸ்போர்டில் பயின்றவர், கணிதப் பேராசிரியராயிருந்தவர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்றவர். (படிப்புப் பரவினால் சாதி கரையும் என்று இன்றும் நம்புவோர் அந்த வாசலை ஒருகணம் நினைத்துப் பார்க்கலாம்.) அச்சட்டத்தின் கீழ்க் குற்றவாளியாகக் காணப்பட்ட அவர், வழக்கை இலண்டன் கோமறைக் கழகம் வரை கொண்டுசென்றார். மாவிட்டபுரத்து உள்வீதியில் யார் நிற்கலாம் என்பதை ஆராயும் வேலை பிரித்தானிய முடியின் மன்றுக்குப் போயிற்று.

உள்ளே யார், வெளியே யார் என்று தீர்மானிக்கும் அதிகாரம் பிறப்பால் வருவதென்று அவர் கருதினார். பின்னாளில் அது ஆயுதத்தால் வந்தது. சாதிப் பாகுபாட்டைத் தண்டித்த விடுதலைப் புலிகளே, 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். சோனகதெருவில் தலைமுறைகளாகத் தமிழ் பேசி வாழ்ந்தவர்களுக்கு, இனத்தால் தமிழரே என்ற அந்தப் பழைய வாதம் அன்று ஒரு மணி நேரம்கூடக் கூடுதலாகப் பெற்றுத்தரவில்லை.

போர் முடிந்தது 2009 இல். 2018 இல் தென்மராட்சியின் வரணியில் ஒரு கோயில் தேரை மண் அகழும் இயந்திரம் இழுத்துச் சென்றது. ஒடுக்கப்பட்ட சாதியார் வடம் பிடிப்பதைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அந்தப் படத்தை உலகெங்கும் உள்ள தமிழர் பார்த்தனர்.