நெஞ்சுவலியும் நர்ஸம்மாவும்

திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் நெஞ்சு வலித்தால் முதலில் வருகிற பேச்சு ‘வாயுப் பிடிப்பு’. ஒரு சோடா, கொஞ்சம் ஓமத்தண்ணீர். கரிமூட்ட வேலையில் இருப்பவருக்கு வேர்த்துக் கொட்டினால், அதையும் வெயில் கணக்கில் எழுதிவிடுவார்கள். மாரடைப்பில் உயிர் கைநழுவுவது இப்படி வீணாகும் நேரத்தில்தான்.

இதற்காகவே 2023-இல் தமிழக அரசு ‘இதயம் காப்போம்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. டாக்டர் இல்லாத துணை சுகாதார நிலையத்திலும் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரைகள் இருக்க வேண்டும். வலி எப்போது தொடங்கியது, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா என்று நர்ஸம்மா கேட்பார், பிரஷர் பார்ப்பார், மாரடைப்பாக இருக்குமென்று பட்டால் மாத்திரைகளைக் கொடுத்து 108 ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுவார். அல்சர், ரத்தக்கசிவு, ஏற்கெனவே சாப்பிடும் மருந்து எதையும் அவரிடம் மறைக்காதீர்கள். மெடிக்கலில் வாங்கி நாமே விழுங்குகிற சங்கதி அல்ல இது. நிலையம் பூட்டியிருக்கும் நேரமென்றால் நேராக 108-க்குப் போன் போடுங்கள்.

நர்ஸம்மாவே வேறு மருந்தும் எழுதித் தரலாமா? பிரிட்டனில் தனிப்பயிற்சி பெற்ற செவிலியர்கள் 2006 முதல் தம் தகுதிக்கு உட்பட்ட ஏறக்குறைய எல்லா மருந்தையும் தாமே எழுதித் தரலாம். நம்மூரில் அப்படியில்லை. அரசு நெறிமுறை அனுமதித்ததை மட்டும் நர்ஸம்மா கொடுக்கலாம்; மேற்கொண்டு வேண்டுமென்றால் இ-சஞ்சீவனி தொலைமருத்துவச் சேவை வழியாக டாக்டரிடம் கேட்கலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத் தன்னார்வலர் வீட்டுக்குக் கொண்டுவரும் சர்க்கரை மாத்திரையும் டாக்டர் எழுதியதுதான். அளவைக் கூட்டவோ குறைக்கவோ தன்னார்வலரைக் கேட்காதீர்கள்.

“ஒரு ஊசி கூடப் போடாம அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிட்டாங்க” என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. நேரத்தோடு அனுப்பி வைப்பதும் வைத்தியம்தான். கேட்டவுடன் ஊசி போடும் போலி டாக்டர் யாரையும் எங்கும் அனுப்புவதில்லை, ஆபத்தே அங்கேதான். ஆனால் வெறுங்கையோடு கிளம்பாதீர்கள். என்ன மருந்து, எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள்.

மருந்து இல்லை, காசு கேட்டார்கள் என்றால் சுகாதார உதவி எண் 104-க்கோ முதல்வரின் உதவி மையம் 1100-க்கோ சொல்லுங்கள். வட்டார மருத்துவ அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை, நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்பது 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அதனால் கதவு அடைபட்டுவிடவில்லை. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்தவரை அரசு மருத்துவமனைகள் படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பிய வழக்கில், அவசர சிகிச்சை மறுப்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவை மீறுவதாகும் என்று 1996-இல் அதே நீதிமன்றம் சொன்னது. 25,000 ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது.

உங்கள் ஊர் துணை சுகாதார நிலையம் எத்தனை மணி வரை திறந்திருக்கும், மாத்திரை இருப்பு இருக்கிறதா என்று அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.